நாம் இருவரும் விடாத ஆறாம் சேனல்

மாப்ள,

நேற்றுக் காலை அல்லிநகரம் வீட்டுக்கு இன்டர்நெட் பெட்டி மாட்ட ஒரு கம்பெனி ஆள் வந்திருந்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி, அதற்கு இரண்டு குட்டிக் கொம்பு. சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தவரிடம், வாய் சும்மா இருக்காமல், "எந்தச் சேனல்ல வைக்கப் போறீக?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சேனலா? அதெல்லாம் ஆட்டோ சார். எது காலியா கெடக்கோ அதுவே பாத்துப் போயி ஒக்காந்துக்கிரும்."

நான் அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீட்டுக்காரி வந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் வலது கையின் இரண்டு கோணல் விரல்களைப் பார்த்தாள். செம்பை வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

எது காலியோ அங்கே போய் உட்காரும். அவ்வளவுதானாம். அந்தப் பெட்டிக்கு இருக்கிற புத்தி நம் இருவரில் ஒருவருக்கு இருந்திருந்தால் உன் இடது கண் உன்னிடமே இருந்திருக்கும். இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வைத்திருப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு பங்களாமேட்டில் நாம் போட்ட பிரவுசிங் சென்டர் உனக்கு நினைவிருக்கும். நாலு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். போடியில் எண் கணிதம் பார்க்கிறவர் நம் இருவர் பெயரையும் கூட்டிக் கழித்து, "ஆறு உங்க ரெண்டு பேருக்கும் ராசி" என்று சொன்ன நாளிலிருந்து உனக்குப் பித்துப் பிடித்தது. கடைத் திறப்பு ஆறாம் தேதி. பைக் நம்பரைக் கூட்டினால் ஆறு. கடைக்குள் இருந்த நாற்காலிகூட ஆறுதான், ஏழாவதாக வருகிறவன் நிற்க வேண்டும். நான் உன்னைக் கேலி செய்துகொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உண்மையில் எனக்கும் பித்துதான். நீ வெளியே சொன்னாய், நான் சொல்லவில்லை.

லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று சர்க்கார் வானத்தில் ஒரு துண்டைத் திறந்துவிட்டபோது வயர்லெஸ் பெட்டிகள் வந்தன. டெலிபோன் கம்பி ஒழுங்காகப் போகாத ஊருக்கெல்லாம் காற்றிலேயே இன்டர்நெட் கொண்டுபோகலாம். கம்பத்து ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர்கள் வெளியூருக்கு விலை அனுப்பத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. நமக்கு வந்த முதல் பெட்டியைத் திறந்து ஓடவிட்டதும் திரையைப் பார்த்து நீ கையெடுத்துக் கும்பிட்டாய். தொழிற்சாலையிலேயே அதை ஆறாம் சேனலில், அதாவது காற்றில் அது பேசுகிற பாதைகளில் ஆறாவதில், வைத்து அனுப்பியிருந்தார்கள். எல்லாப் பெட்டியும் அப்படித்தான் வரும் என்பது நமக்கு அன்றைக்குத் தெரியாது. "ஏலே, சீமையில இருந்தே நம்ம நம்பரப் போட்டு அனுப்பிருக்காய்ங்கடா!" என்று கத்தினாய். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய்.

பிறகு நாம் பிரிந்தோம். எதற்கு? இரண்டு ஆங்கில எழுத்துக்கு. பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். வயர்லெஸ் பெட்டிகளில் பழைய 'பி' தரம் போதும் என்றாய் நீ. புது 'ஜி' தரம்தான் என்றேன் நான். "ஒன் ஜி வேகமாத்தான் ஓடும், சின்னமனூர் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிரும். பி மெதுவாப் போனாலும் கம்பம் போயிச் சேந்துரும்" என்பது உன் கட்சி. எனக்கு உன் கட்சி பத்தாம்பசலியாகத் தெரிந்தது. ஒரு கம்பெனி பெங்களூரிலிருந்து உன்னைப் பிடித்தது, இன்னொன்று சென்னையிலிருந்து என்னைப் பிடித்தது. இரண்டு கம்பெனி ஆட்களும் கார் போட்டு வந்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், பள்ளத்தாக்கு முழுக்க ஒரு டீலர்தான் என்று நம் இருவரிடமும் தனித்தனியே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடையைப் பிரித்த அன்று நாலு பேர் முன்னால் நீ கத்தினாய். "ஆறும் வேணாம், இவன் சங்காத்தமும் வேணாம். இன்னியோட தல முழுகிட்டேன்." நானும் விடவில்லை. "அந்தத் தரித்திரம் புடிச்ச நம்பரு எனக்கு எதுக்கு?" என்றேன். நீ பைக்கை விற்றாய். நான் டெலிபோன் நம்பரை மாற்றினேன். பிரிந்து போகிற பங்காளிகள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போவார்களே, அதுபோல இரண்டு பேருமே ஊருக்குத் தெரியாமல் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். வைத்த இடம் யார் கண்ணுக்கும் படாத இடம், பெட்டிக்குள்ளே.

அனுமந்தன்பட்டியில் எனக்கு அரிசி மில் கூரை, உனக்கு எதிர்த்த கல்யாண மண்டபத்து மாடி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம், அந்தப் பக்கம் ஒரு கம்பம், இரண்டும் கம்பம் ஊரைப் பார்த்து. நான் என் பெட்டியைக் கம்பத்தில் ஏற்றி ஓடவிட்டது ஆனி மாதத்து முதல் வெள்ளி, தேங்காய் உடைத்துத்தான் ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஓடியது. அப்புறம் கடைகளுக்கு லைன் கொடுத்ததும் தினமும் காலை பத்தரைக்கு, கடைக்காரர்கள் மெயில் அனுப்ப உட்காருகிற நேரத்தில், லைன் செத்துப்போகும். கோயில் கொடையில் இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டால் எந்தப் பாட்டும் விளங்காதே, அதே கதை. கமிஷன் கடைக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

சென்னைக் கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்து மில் கூரையில் உட்கார்ந்து காற்றைத் துழாவிப் பார்த்தார். திரையில் உன் பெயர் வந்தது. பக்கத்தில் எண், ஆறு.

"இது தானா நடக்கிறது இல்ல சார்" என்றார் அவர். "உங்களை அழிக்கணும்னே உங்க மேல வந்து ஒக்காந்திருக்கான்."

நம்பினேன் மாப்ள. உன் பெட்டி எந்த நாளிலிருந்து எந்தச் சேனலில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆறை விட்டுவிட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னவன், என் ஆறில் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? உனக்குப் போன் போட்டேன்.

"ஏலே, என் சேனல விட்டு எறங்குடா."

"ஒன் சேனலா? ஒங்கப்பன் எழுதி வச்சுட்டுப் போனானா? நீ எறங்குடா மொதல்ல!"

இறங்குவது என்றால் என்ன வேலை? எண்ணை மாற்ற ஒரு க்ளிக், சேமிக்க ஒரு க்ளிக். ஒன்றில் நீ, பதினொன்றில் நான் என்று போயிருந்தால் ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்டே இருக்காது. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மாற்றினால் அதிர்ஷ்டத்தையும் ஏரியாவையும் சேர்த்து உனக்குத் தாரை வார்த்துவிட்டதாக ஊர் சிரிக்கும் என்று எனக்குப் பயம்.

முதலில் அரிவாள் எடுத்தது நான்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் உன் மேல்தான் பழி போடுவார்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மண்டபத்து மாடியில் உன் கேபிளை மூன்று துண்டாக வெட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். மறுநாள் உன் ஆட்கள் என் பேட்டரியை மில் கூரையிலிருந்து கீழே உருட்டிவிட்டார்கள். அது வெடித்துச் சிதறிய ஆசிட்டில் கீழே கட்டியிருந்த மில்காரர் மாட்டின் முதுகுத்தோல் வெந்துபோனது. அது கதறிய கதறல் இன்னும் காதில் இருக்கிறது. நான் உன் கடைக் கண்ணாடியை நொறுக்கினேன். உன் ஆட்கள் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் என் மச்சினனைப் புரட்டியெடுத்து, இரண்டு பல்லை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள்.

பல்லைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்டபத்து மாடிக்கு ஏறினேன். காலை வெயில். நீ முட்டி போட்டு, வெட்டிய கேபிளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாய். காலடி கேட்டுத் திரும்பினாய். "வாடா, வந்துட்டியா" என்றாய். அதை எந்தத் தொனியில் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அழைத்தாயா, சவால் விட்டாயா? நான் யோசிக்கவில்லை. ஓங்கி அடித்தேன். தோளுக்குத்தான் ஓங்கினேன். நீ எழுந்தாய். அடி முகத்தில் விழுந்தது.

ரத்தம் உன் கைவிரல் வழியாக அந்தக் கறுப்பு டேப் மேல் சொட்டியது. நான் இன்னொரு அடிக்கும் ஓங்கினேன் மாப்ள. அதையும் மறைக்கப் போவதில்லை. மண்டபத்துச் சமையல்காரர்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்திருக்காவிட்டால் இந்த மடலைச் சிறையிலிருந்து எழுதியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் நீ, "கம்பி இழுக்கயில அறுந்து மூஞ்சில அடிச்சிருச்சுங்கய்யா" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னைக் காப்பாற்றினாய் என்று நினைத்து அழுதேன். பத்து வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இடது கண்ணில் கட்டோடு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு என் கடைக்குள் வந்தாய். மூவரும் என்னை அமுக்கிப் பிடித்தார்கள். என் வலது கையின் இரண்டு விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நீயே கதவைச் சாத்தினாய். எலும்பு முறிகிற சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். "போலீசு எதுக்குடா நமக்கு நடுவுல?" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் கேஸ் கொடுக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் என் கம்பெனி உன் கம்பெனியை வாங்கிவிட்டது. நம்மை மோதவிட்ட இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மதுரை ஓட்டலில் டீலர் கூட்டம் நடந்தபோது நம் இருவரையும் ஒரே மேஜையில் போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? சோற்றைப் பிசைந்துகொண்டே, என் பக்கம் பார்க்காமல், நீ மெதுவாகக் கேட்டாய்.

"இன்னும் ஆறுலதான் இருக்கியா?"

நான் சொன்னதை இங்கே எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "ஒத்தக் கண்ணுக்கு அதெல்லாம் தெரியுதா?" என்றேன்.

நீ கை கழுவ எழுந்து போனாய். நான் உன்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். மறு வருஷம் கம்பமெட்டு இறக்கத்தில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் உன் பைக்கில் மோதியது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்கள். இடது பக்கம்.

பதினாறாம் நாள் முடிந்ததும் உன் பெண்டாட்டி, அந்தத் தங்கச்சி, ஆள் விட்டு அழைத்தது. வாசலோடு நின்றேன்.

"மண்டபத்து மாடியில அவுக சாமானெல்லாம் அங்கனயே கெடக்குண்ணே" என்றது. "என்னிக்காச்சும் எறக்குறதா இருந்தா நீங்கதான் எறக்கணும், வேற எவனும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக."

போனேன். மாடிக் கம்பத்தில் நீ மாட்டியிருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வயர்லெஸ் பெட்டி இருந்தது. அதன் முதுகில், மற்ற கம்பெனிப் பெட்டிகளோடு ஒத்துப்போகும் என்று போடும் முத்திரை. என் பெட்டியிலும் அதே முத்திரை உண்டு. தகர மூடியின் உள்பக்கம் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, குங்குமம் மட்டும் ஒட்டியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே உன் கோழிக் கிறுக்கல் எழுத்து. "வைகாசி விசாகம். சேனல் 6. துணை."

அந்த எழுத்தை இன்னொரு முறை படித்தேன். நீ வைகாசி, நான் ஆனி. என் மேல் வந்து உட்கார்ந்தது நீ இல்லை. உன் மேல் வந்து உட்கார்ந்தவன் நான். அன்றைக்குப் போனில் "நீ எறங்குடா மொதல்ல" என்று நீ கத்தியது வீம்பில்லை, நியாயம். நீ முட்டி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் டேப்பின் பசை இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வாய்விட்டு அழுதேன்.

அந்த மூடி இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை நான் மாட்டிய எந்தப் பெட்டியையும் அன்றிலிருந்து ஆறில் வைப்பதில்லை. ஏன் என்று கேட்ட ஆட்களிடம் அதில் இரைச்சல் அதிகம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் கம்பெனி ஆள் போன பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். அக்கம்பக்கத்து வீடுகளில் சிலர் ஒன்றில் இருந்தார்கள், சிலர் பதினொன்றில். பெட்டி நல்ல பிள்ளையாகச் சுற்றிப் பார்த்து, காலியாகக் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஆறில்.

நீ முறித்த இரண்டு விரல்களையும் மவுஸ் மேல் வைத்தேன். குளிர் காலத்தில் அவை இன்னும் வலிக்கும். எண்ணைப் பதினொன்றுக்கு மாற்ற ஒரு க்ளிக். சேமிக்க ஒரு க்ளிக். இரைச்சல் கூடியது, வேகம் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்காரி படம் நின்று நின்று வருகிறது என்று கூடத்திலிருந்து சத்தம் போட்டாள்.

நான் இறங்கிவிட்டேன் மாப்ள.