இடம் மாறிய கத்தி

14.8.1979
கேமரன் மலை

அன்பு மகள் பவளத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. மழை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும், எண்ணெய் தேய்க்கிறாள்.

கோலாலம்பூரில் நீங்கள் பேர் போடாமல் அச்சடிக்கும் தாள் திரிங்காப் ஊருக்குத் திரும்பும் காய்கறி லோரியில் இங்கேயும் வந்தது, லயத்து வீடுகளில் கைமாறிக் கிழிந்தே போனது. ஒரு பெண் காளியண்ணன் கங்காணியின் மீசையைத் தேயிலைச் செடி மாதிரி கவ்வாத்து வெட்டுகிற படம். பதினொரு வயதில் நீ தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் வரைந்த அதே படம். கொழுந்து நிறுக்கையில் ஈரம் என்று கங்காணி எடையைக் குறைத்தபோது, ஒம் மீசைய கவ்வாத்து வெட்டிருவேன்யா என்று அம்மா எல்லார் முன்னாலும் சொன்ன அன்று வரைந்தது. பயந்து நான்தான் அதை அடுப்பில் போட்டேன். நீ அழவில்லை, மறுநாள் இன்னொன்று வரைந்தாய்.

இப்போது தாளில் கத்தி இடக்கையில் இருக்கிறது. தோட்டத்தில் இடக்கைக்காரி அடுத்த வீட்டு இராசம்மா ஒருத்திதான். படத்தில் இருப்பதும் உங்களுக்குச் சேதி அனுப்பியதும் அவளே என்று கங்காணி முடிவு கட்டி, ஒன்பது நாளாகக் காலைப் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள்.

நான் இருபது வருடமாகப் பெட்டிக்கு முத்திரை குத்துகிறவன். பலகையில் நேராகச் செதுக்கினால் தாளில் இடம் வலம் மாறி விழும். நீ எழுத்தைத் திருப்பிச் செதுக்கிவிட்டுப் படத்தைத் திருப்ப மறந்துவிட்டாய். சனிக்கிழமை அம்மா ஆபீசுக்குப் போய், அது நாந்தாங்க என்றாள். கணக்கெழுதும் கிராணி சிரித்து, நீ சோத்தாங்கைக்காரி லா வேலாயி, போயி வேலையப் பாரு என்று அனுப்பிவிட்டார்.

நீ செதுக்கிய பலகையை வாங்கி ஆபீசில் காட்டலாம் என்று நினைத்தேன், காட்டினால் நீயும் உன்னோடு இருப்பவர்களும் மாட்டுவீர்கள். ஆகவே அடுத்த தாளில் அதே படத்தைச் சரியாகத் திருப்பிச் செதுக்கிப் போடு. அம்மாவின் படம் என்று தெரிந்ததும் உன்னைச் சந்தேகப்படுவார்கள், ஆனால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது. கத்தி வலக்கையில், மூக்குத்தி வலது மூக்கில் இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. தன் பேரும் பெரட்டில் நின்றுபோகும் என்று தெரிந்துதான் சொல்கிறாள். மீசையில ஒரு பக்கம் மிச்சம் வச்சிருக்கா, அதையும் எடுத்துரச் சொல்லுங்க என்றாள். இனி யாரை வரைந்தாலும், அதன் பலன் வேறொருவர் தலையில் விழுமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

மாரியம்மன் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இராசம்மாவுக்கு நீயே ஒரு கடிதம் எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன். உன் பழைய படங்களை எல்லாம் பார்த்தவள் அவள். இது யார் கை என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும், ஒன்பது நாளாக வாய் திறக்கவில்லை.

உன் அப்பா
சிங்காரம்