இமைகூட அசையாமல் கேட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, உயிரோடு இருக்கிறேன் என்றுதான் எழுத வருகிறது. போன் பண்ணினால் 'ஆபீஸ்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வந்தபாடில்லை. அடுத்த மாதம் உனக்கு முட்டியில் ஆபரேஷன், அதனால் இதையாவது கடைசி வரை படி.

எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தது நல்லபடியாக முடிந்தது என்று உன் மாமா சொல்லியிருப்பார். என்ன லட்சணத்தில் முடிந்தது என்று நான் சொல்கிறேன். முதல் நாள் வார்டு நர்ஸ் கூடவே நிற்க, மயக்க டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வயது, எடை, சிறுநீரகம், ஈரல், தினமும் விழுங்குகிற மாத்திரை என்று ஒன்று விடாமல் கேட்டார். தசையைத் தளர்த்த ஒரு மருந்து போடுவார்களாம், அது ஒவ்வொரு உடம்பில் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யுமாம். கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் சிக்கல் வந்ததுண்டா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா முந்திரிக்கொட்டை மாதிரி, 'எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்' என்றார். நம்பினேன், கூடப் பிறந்தவராயிற்றே.

ஆபரேஷன் முடிந்து நினைவு வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. இமையைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, மூச்சைக்கூட மிஷின்தான் விட்டது. கத்த வேண்டும் போல இருந்தது, எதை வைத்துக் கத்துவது? செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது டாக்டரம்மா மாமாவை உள்ளே கூப்பிட்டு மறுபடி விசாரித்தார். என் தலைமாட்டில் நின்று அந்த மகராசன் சொல்கிறார், 'எனக்கும் ஹெர்னியா ஆபரேஷன்ல இப்படித்தான் ஆச்சு டாக்டர், கூடப் பிறந்தவங்களுக்குச் சொல்லிடுன்னாங்க, என் பொண்ணுக்குப் பேசியிருக்கற பையனோட அத்தை இந்த வார்டு நர்ஸ், நேத்து அவ பக்கத்துல நிக்கும்போது எப்படிச் சொல்றது, தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்' என்று. தங்கச்சி கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். நாடி எகிறுவதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாதான் 'ஐயோ, முழிச்சிருக்காங்க' என்று பதறிப்போய் மறுபடி தூங்கவைத்தார்.

சில நிமிடத்தில் கலைய வேண்டிய மருந்தாம், அதைக் கரைக்கிற சத்து என் ரத்தத்தில் பிறவியிலேயே இல்லையாம். உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தெரிந்தால் வேறு மருந்து போட்டுக்கொள்வார்கள். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. உனக்கு ஆபரேஷன் என்று அவருக்கும் தெரியும், போனில் உன்னோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசினாரே, ஒரு வார்த்தை சொன்னாரா? வயிறு எரிகிறதடா. நான் கேட்டேவிட்டேன், 'மயக்கத்துல கனவு கண்டிருப்பே' என்கிறார். தினமும் பழம் வாங்கிக்கொண்டு வருகிறார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடி அசையாமல் படுத்துக்கொள்கிறேன், 'பாவம், தூங்கறா' என்று போய்விடுகிறார். அவர் மகளுக்கும் நான்தான் சொல்லப்போகிறேன், சம்பந்தம் நின்றால் நிற்கட்டும்.

முட்டியைக் குளிரில் காட்டாதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் டாக்டரும் அந்தக் கேள்வியைக் கேட்பார். பக்கத்தில் யார் நின்றாலும் சரி, 'இருக்கு, எங்க அம்மாவுக்கு' என்று நீயே வாயைத் திறந்து சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா