காலுறை கட்டிய மணிகள்

ஸ்கெரி ஹவுஸ், கில்ராமி,
ஸ்காட்லாந்து.
9 பிப்ரவரி 1961

அன்பு மகன் ஸ்ட்ரூவனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் சுகம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நியூசிலாந்தில் நீயும் ஜீனும் குழந்தையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறேன், கை நீளமென்றால் மடித்துவிடு, வளருகிற பிள்ளைதானே.

மகனே, எனக்குப் பயமாக இருக்கிறது. புயலில் தோட்டத்துச் சுவர் பாறையோடு சரிந்து கடலுக்குள் போனது உனக்குத் தெரியும். வேலைக்காரிகளைக் கூப்பிட உன் கொள்ளுத்தாத்தா சமையலறையில் அறைக்கு ஒன்றாக வைத்த மணி வரிசை இருக்கிறதே, நீ காய்ச்சலில் படுத்துக்கொண்டு மேலேயிருந்து இழுத்து இழுத்து என் உயிரை வாங்குவாயே, அதில் கடலைப் பார்த்த பெரிய அறையின் மணி அதற்குப் பிறகு தானாகவே அடிக்க ஆரம்பித்தது. அப்பா சிரித்தார். "பழைய எஜமானியம்மா டீ கேக்குறாங்க எஃபி, கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார். போன வாரம் எங்கள் படுக்கையறை மணியும் சேர்ந்துகொண்டது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன், சுவருக்குள் ஓடும் கம்பி துணிக்கொடி மாதிரி விறைத்திருந்தது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, முன்சுவர் கடல் பக்கம் சாய்ந்து கம்பியை இழுக்கிறது. உன் சித்தி நெஸ் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினேன். "எங்க தாத்தா கட்டின வீடுடி, என்னைத் தூக்கிட்டுப் போன பிறகுதான் இது விழும்" என்று அதே கடல்பக்க அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறன்று மணிச் சத்தமே இல்லை. அப்பாடா என்று ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தால், இரண்டு மணிகளின் நாக்கிலும் அவருடைய கம்பளிக் காலுறை கட்டியிருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கும் பயம், சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று காலை அவர் நாயோடு வெளியே போனதும் காலுறைகளை அவிழ்த்தேன். பெரிய அறை மணி அசையவே இல்லை. சுவர் இழுத்த இழுப்பில் கம்பி அறுந்து தொங்குகிறது.

நீ சொன்னால்தான் கேட்பார். கடிதம் கண்டதும் அவர் பேருக்குத் தந்தி அடி. நான் இங்கிருந்து உனக்குத் தந்தி கொடுத்தால் தபாலாபீஸிலிருந்து ஊர் முழுக்கப் பரவிவிடும், அவர் மானம் போய்விடும். வீடு விழும் என்று எழுதாதே, வீம்பு பிடிப்பார். அம்மா பயந்து சாகிறாள், அவளுக்காக வெளியே வாங்க என்று எழுது, அது பொய்யும் இல்லை. அவர் வராமல் நானும் போகமாட்டேன்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. குழந்தைக்கு என் முத்தம். மறந்துவிடாதே, தந்திதான் இங்கே. கடிதம் எழுதினால் நெஸ் வீட்டுக்கு எழுது, இந்த முகவரி இனி வேண்டாம்.

பெட்டி கட்டி வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா,
எஃபி