ஒரு குறையும் வைக்காத மாமா

என் செல்ல அக்காவுக்கு,

உன் முதல் வருஷ நினைவு நாள் முடிந்தது. பெரம்பலூரில் நம் ரத்தப் பரிசோதனை லேப் இருக்கும் தெருமுனையை அடைத்துக்கொண்டு மாமா ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். உன் படம் சின்னது, அவர் படம் பெரியது. புது வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி நிற்கிறார். எலெக்‌ஷனில் நிற்கிறாரா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "அவளுக்கு நான் ஒரு குறையும் வச்சதில்லங்க" என்றார். கண்ணீர் சரியான இடத்தில் வந்தது. உனக்கு என்ன குறை என்று அந்த மனிதர் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா? மாடிப்படியில் நீ மூச்சு வாங்கி நின்றால், "உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது, இரும்பு உடம்பு" என்று என்னிடம் சிரிப்பார். ஊருக்கெல்லாம் ரத்தம் பார்த்தவளை டாக்டரிடம் கூட்டிப்போக அவருக்கு நேரம் வரவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்த பிறகுதான் வந்தது.

இதைச் சொல்லி அழ மட்டும் எழுதவில்லை. லேபில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நீ போன பிறகு உன் நாற்காலியில் மாமா உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல அரியலூர் கிளையில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரம்பலூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மெஷினுக்குப் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார். ரிப்போர்ட்டின் அடியில் விழுவது, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த என் கையெழுத்து.

செந்துறைப் பக்கம் மலர்க்கொடி என்றொரு பெண். தலைப்பிரசவம். நான்தான் ரத்தம் எடுத்தேன். "நடந்தா மூச்சு வாங்குதுங்க" என்றாள். ரிப்போர்ட் நன்றாக வந்தது. போனில் கூப்பிட்டு, "ரத்தம் நல்லா இருக்கும்மா, பயப்படாத" என்று சொன்னதும் நான்தான்.

பிரசவத்துக்குப் போன இடத்தில், உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார்கள். அவள் புருஷன் ரத்தம் தேடி ஓடியிருக்கிறான். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த டாக்டர்களால்.

அவன் நம் ரிப்போர்ட்டையும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வந்தான். அன்று நானும் அங்கே இருந்தேன். "இதுல எது சார் நெசம்?" என்றான். சத்தம்கூடப் போடவில்லை.

"உக்காருங்க தம்பி, டீ சாப்பிடுங்க" என்றார் மாமா. "இடையில வாந்தி கீந்தி எடுத்துருப்பாங்க. அதுல குறைஞ்சிருக்கும்." வாந்தியில் ரத்தம் பாதியாகும் வைத்தியத்தை எங்கே படித்தாரோ! அவன் டீயைத் தொடாமல் எழுந்து போனான்.

நான் கேட்டேன்: "மாமா, தினம் காலைல கன்ட்ரோல் ஓட்டுறீங்களா இல்லையா?"

அளவு தெரிந்த ரத்தத்தை முதலில் ஓட்டி, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்காமல் நீ ஒருவர் ரத்தத்தையும் தொட்டதில்லையே, அதைத்தான் கேட்டேன்.

"நேத்து சரியா இருந்த மெஷினு இன்னைக்கு கெட்டாப் போயிரும்? நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட வேணாம்னுட்டேன். உங்க அக்கா ஒரு பயந்தாங்கொள்ளி."

பயந்தாங்கொள்ளி! அக்கா, அந்த ஒரு வார்த்தையில் அவர் மேல் மிச்சமிருந்த மரியாதையும் போய்விட்டது. கோபம்கூட வரவில்லை. காலில் மிதித்ததைத் துடைக்கத் தோன்றுமே, அப்படி இருந்தது.

அங்கேயே கன்ட்ரோல் ஓட்டினேன். மெஷின் வாய்க்கு வந்ததைச் சொன்னது. கம்ப்யூட்டரிலிருந்து என் கையெழுத்தை எடுத்துவிட்டேன். கடைசியாகச் சரிபார்த்த நாளுக்குப் பிறகு வந்த எல்லோரையும் போனில் அழைத்து, "எங்க பக்கம் தப்பு, மறுபடி வாங்க, காசு வேணாம்" என்றேன். திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன். "பேரு கெட்டுப் போயிரும்டி" என்று மாமா பின்னாலேயே அலைந்தார். பிள்ளைத்தாய்ச்சி சாகக் கிடந்ததை அவர் ஒரு தரமும் பேசவில்லை.

கையெழுத்து இல்லாமல் லேப் ஓடாது என்று தெரிந்ததும் அடங்கினார். திருந்தினார் என்று நினைத்துவிடாதே. இப்போது மெஷின் பொறுப்பு என்னிடம். அவர் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "நாங்க தினம் செக் பண்ணாம ஒரு ரிப்போர்ட் தர மாட்டோம்ங்க, அது என் கொள்கை" என்கிறார்.

வீட்டிலும் அதே ஆள்தான். யாழினியைத் திருச்சி ஹாஸ்டலில் விட்டவர், "அவ நல்லாத்தான் இருப்பா" என்று இருந்துவிட்டார். உன் படத்தை வாரம் தவறாமல் ஸ்டேட்டஸ் வைக்கிறார், பாட்டோடு. "நான் எத்தனாவது வருஷம் படிக்கிறேன்னு அப்பாவுக்குத் தெரியாது சித்தி" என்றாள் உன் மகள். மெலிந்திருக்கிறாள். லீவுக்கு என்னிடம்தான் வருகிறாள். இது நீயே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் செந்துறைக்குப் போனேன். மலர்க்கொடி வாசலில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். "தப்பு எங்களோடதும்மா. மெஷினைப் பாக்காம ரிப்போர்ட் குடுத்துட்டோம்" என்றேன்.

"நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னுதாங்க நான் டாக்டர்கிட்ட போகாம கீரை முருங்கையோட இருந்துட்டேன்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். பிள்ளையைப் பார்க்க நான் குனிந்தபோது முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் செய்தது சரி. இனி வேறு லேபுக்குத்தான் போவாள், போகட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா: என் கையால் ஒன்று தப்பாகப் போனால், அவர்கள் என்னைத் தேடி வரும்வரை உட்கார்ந்திருக்க மாட்டேன். முதல் பஸ்ஸில் நானே போய் அவர்கள் வாசலில் நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
யாழினியின் சித்தி,
தேன்மொழி