கல்யாணக் காருக்குப் போட்ட தீனி

மச்சான்,

இன்று காலை உன் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உன் மனிசி, என் தங்கச்சி, அதை இன்னும் சார்ஜ் போட்டு அலுமாரிக்குள் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கண் மங்கிவிட்டதால் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அனுப்பியவன் கொழும்புக் கராஜ்காரன். மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் வாகனத்தின் சர்விஸ் காலம் வந்துவிட்டது, தாமதித்தால் எஞ்சின் பாதிக்கப்படலாம் என்று எழுதியிருந்தான். நீ போய் எட்டு மாதம். காரை ஒரு வவுனியாக்காரன் கழற்றி விற்பதற்கு இழுத்துக்கொண்டு போய் ஐந்து மாதம். அவனுக்கு இரண்டும் தெரியாது.

"என்னவாம் அண்ணை?" என்றாள்.

"ஒன்டுமில்லை. காருக்குச் சுகமில்லையாம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்தக் கார் நம் தாழ்வுபாட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பு நிறம், ஜெர்மன்காரன் செய்தது, ஏற்கெனவே பத்து வருசம் ஓடியது. தேவாலயத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சுவாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிப்பித்தாய். பிறகு நேரே என் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாய். புதுக் காரின் விலையில் கால்வாசிக்கு எடுத்தேன் என்று பெருமைப்பட்டாய். நான் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் கண்ணில் படவேயில்லை. எல்லாம் கறுப்பு பிளாஸ்ரிக் மூடி.

நான் பள்ளிக்கூடத்தில் எஞ்சின் படித்தவனில்லை. வள்ளத்து எஞ்சினையும் லொறி எஞ்சினையும் கழற்றிப் பூட்டி, அகராதியை மடியில் வைத்துக் கையேடுகளை வாசித்துப் படித்தவன். ஆனால் ஒன்று தெரியும். எண்ணெய் பார்க்கிற கம்பியைக்கூட வைக்காமல் விற்கிறவன், வாங்கினவன் மூடியைத் திறப்பதை விரும்பாதவன். அன்றைக்கே சொன்னேன்.

"மச்சான், ஏன் கால்வாசிக்குத் தந்தவன்? வாங்கிறவனுக்கு விலை குறைஞ்சிருக்கு. மாத்துற சாமானுக்குக் குறையேல்லை. இதின்ர வாய்க்குப் புதுக் காருக்குப் போடுற தீனிதான் போடவேணும்."

"உனக்கு எரிச்சல்" என்றாய்.

எரிச்சல்தான். அதை நான் மறைக்கவில்லை.

ஏன் வாங்கினாய் என்பதும் எனக்குத் தெரியும். மூத்தவளின் கல்யாணத்துக்குப் பேசிய வாடகைக் கார் வரவில்லை. வேறொரு வீட்டார் கூடக் கொடுத்ததும் அங்கே போய்விட்டது. உன் மகள் முக்காட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் கோயிலுக்குப் போனாள். சனம் சிரித்தது. இனி இந்தக் கரையில் ஒரு பெட்டையும் அப்படிப் போகக்கூடாது என்று அன்று மத்தியானம் என்னிடம் சொன்னாய். நல்ல எண்ணம்தான். அதற்கு ஒரு நல்ல ஜப்பான் கார் போதுமென்று சொன்னேன். உனக்குப் போதவில்லை.

பிறகு நடந்ததை ஊர் பார்த்தது. பேசாலையிலிருந்து முள்ளிக்குளம் வரை மணப்பெண்கள் எல்லாம் உன் காரில்தான் கோயிலுக்குப் போனார்கள். கேட்டவர்களுக்கு நீ இல்லை என்று சொன்னதில்லை. வாடகை வாங்குவது உனக்குக் கௌரவக் குறைச்சல். பெற்றோலும் உன்னுடையது. அவர்கள் தந்தது ஒரு துண்டுக் கேக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும். பூவை ஒட்டிய பசைநாடாவை இழுத்து உரித்தபோது காரின் மைப்பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. அதைத் திரும்ப அடிக்க நீ கொடுத்ததில் ஒரு ஏழைப் பெட்டைக்குக் கல்யாணமே செய்து வைத்திருக்கலாம்.

அந்த இரும்புக்கு நம் ஊர் ஒத்துவரவில்லை. காற்றில் உப்பு, கிணற்றிலும் உப்பு. நீ தினமும் விடிய எழும்பி அந்தக் கிணற்றுத் தண்ணீரால்தான் அதைக் குளிப்பாட்டினாய். வேண்டாமென்று சொன்னேன், கேட்கவில்லை. அடியில் இருந்த வயர் முனைகள் பச்சை பூத்துவிட்டன. ஒரு நாள் கழுதையொன்று பக்கக் கண்ணாடியில் முதுகு தேய்த்து அதை முறித்துப் போட்டது. கழுதையை யாரும் குற்றம் சொல்ல முடியாது, அது எந்தக் கம்பத்திலும் தேய்க்கும். கண்ணாடி மட்டும் மாற்றலாமா என்று கொழும்புக்குக் கேட்டாய். அதற்குள் கமரா இருக்கிறது, முழுதாகத்தான் மாற்றவேண்டும் என்றார்கள். அந்தக் காசுக்கு நான் இரண்டு வள்ளத்து எஞ்சின்களைப் புதிதுபோல் ஆக்கியிருப்பேன்.

பிறகு அது படுக்கத் தொடங்கியது. மற்றக் கார்களைச் சில்லுக்கு மேல் தாங்குவது வில்லுத் தகடு, சுருள் கம்பி. இதற்குக் காற்று நிரப்பிய இறப்பர்ப் பைகள். பை வெடித்தால் கார் மாடு மாதிரி வயிற்றை நிலத்தில் வைத்துப் படுத்துவிடும். முதற்தரம் படுத்தபோது நீ தொழிலுக்கு விட்ட பெரிய மீன்பிடி வள்ளத்தை விற்றாய். இரண்டாம் தரம் உன் மகன் சுவிசிலிருந்து காசு அனுப்பினான், அதோடு அவன் உன்னோடு பேசுவதைக் குறைத்தான். மூன்றாம் தரம் என்னிடம் வந்தாய். சைக்கிள் ரியூபை வைத்தாவது ஒரு வழி பண்ணடா என்று கேட்டாய். தொடமாட்டேன் என்றேன். தொட்டிருந்தால் ஒரு வழி கண்டுபிடித்திருப்பேன். அதுவும் உனக்குத் தெரியும்.

ஆகவே காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினாய். பை துபாயிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மூன்று மாதம் வரவில்லை. நீ போன பிறகு தங்கச்சிதான், காரணம் சொல்லாமல், காரைத் திருத்தாதபடியே லொறியில் ஊருக்குத் திருப்பி எடுப்பித்தாள்.

உன் நெஞ்சு வருத்தத்துக்கு மாதம் ஒரு தரம் யாழ்ப்பாணத்தில் கிளினிக். முன்பெல்லாம் விடியற்காலை பஸ்ஸில் போய் வந்தவன்தான் நீ. கார் வந்த பிறகு காரில் போனாய். கார் இல்லாதபோது பஸ்ஸில் போகவில்லை. ஏன் என்று தங்கச்சி கேட்டதற்கு, கார்க்காரன் பஸ்ஸுக்கு நிண்டால் சனம் என்ன சொல்லும் என்றாயாம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த அருவருப்பை இன்றைக்கும் எழுத முடியவில்லை. காரின் சர்விஸ் திகதியை ஒரு நாள் தப்பவிடாதவன், தன்னுடைய திகதியை ஒரு மாதம் விட்டான், இரண்டு மாதம் விட்டான்.

மூன்றாம் மாதம் நான் என் வானை எடுத்துக்கொண்டு உன் வீட்டுப் படலைக்கு வந்தேன். அந்த வான் உனக்குத் தெரிந்ததுதான். முப்பது வயது, கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும், மீன் ஏற்றி ஏற்றி மணம் ஊறிப்போனது. ஆனால் திறப்பைத் திருப்பினால் ஓடும். நீ வெள்ளைச் சேட்டுப் போட்டு முற்றத்துக் கதிரையில் இருந்தாய். கிளினிக்குக்குப் போக வெளிக்கிட்டுத்தான் இருந்திருக்கிறாய், அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

"ஏறு, நான் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

வானைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"வேண்டாம் மச்சான். உனக்கேன் கரைச்சல்."

நம் பக்கத்தில் முதற்தரம் கேட்டவுடன் ஓம் என்று யாரும் சொல்வதில்லை. தேத்தண்ணி தந்தாலும் வேண்டாம் என்போம், பந்திக்குக் கூப்பிட்டாலும் இப்பதான் சாப்பிட்டனான் என்போம். மூன்றாம் தரம் கேட்டால்தான் கை நீளும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது. எனக்கும் தெரியும். ஆனால் உன் 'வேண்டாம்' என்பதில் இருந்த மரியாதை என் காதில் விழவில்லை, மீன் மணத்துக்கு நீ முகம் சுழித்ததாக நினைத்தேன். என் வான் உனக்குக் கூடாதோ என்று ஒரு வன்மம் வந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு வானைத் திருப்பினேன்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் பின்னேரம் தங்கச்சி ஆள் அனுப்பினாள். நான் வந்தபோது உன்னைக் கட்டிலில் கிடத்தி, கையில் செபமாலை சுற்றியிருந்தார்கள். உன் காரில் ஏறிக் கல்யாணம் முடித்தவர்களில் பாதிப்பேர்தான் செத்தவீட்டுக்கு வந்தார்கள். அவர்களும் பஸ்ஸில்தான் வந்தார்கள். அதில் அவர்களுக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை.

அந்தக் காரைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கமாட்டேன். அது உன் வள்ளத்தைத் தின்றது, மகனின் பேச்சைத் தின்றது, கடைசியில் பஸ்ஸில் ஏறுகிற உன் கால்களையும் தின்றது. ஆனால் அன்றைக்கு உன் படலைக்கு முன்னால் நின்றது கார் இல்லை. நான்.

இப்போது பட்டறைக்கு யாராவது வந்து, தேத்தண்ணி வேண்டாமென்றால் திரும்பக் கேட்கிறேன். அதற்கும் வேண்டாமென்றால் மூன்றாம் தரமும் கேட்கிறேன். உண்மையாகவே வேண்டாதவனும் குடித்துவிட்டுத்தான் போகிறான். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசுகிறார்களாம். பேசட்டும்.