பின் சீட்டு காலி

ஆகஸ்ட் 3
ஆல்பர்ட்டா

அன்பு குன்னாருக்கு,

நானும் நேடியாவும் நலம். உன் கைக்கட்டு பிரித்தாயிற்று என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தது.

டாக்னி, அப்பாவுக்கு இதைச் சத்தமாகப் படிக்கப் போகிறவள் நீ என்பதால் உனக்கு முதலில் ஒரு வார்த்தை. என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் "அங்கிள் ஏதோ ரோட்டைப் பத்தி எழுதியிருக்கார்ப்பா" என்று இரண்டு வரியில் முடித்துவிடாதே. ஒரு வரி விடாமல் படி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரி. அவன் சிரிக்கவில்லை என்றால் அந்த இடத்தை மறுபடி படி.

குன்னார், உட்கார்ந்துதானே இருக்கிறாய்? நான் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன். சும்மா சைக்கிள் இல்லை. இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்! முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், நாலு பெடல், நம் மெர்வினின் நாக்கு நீளத்துக்குச் சங்கிலி. ஹால்வர்சன் பண்ணை ஏலத்தில் உழவு இரும்புகளுக்கும் கோழிக்கூண்டுகளுக்கும் நடுவே கிடந்தது. நான் கையைத் தூக்கியபோது என்னை எதிர்த்துக் கேட்க ஓர் ஆள் இல்லை. மெர்வின்தான் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏன்டா ஓரெஸ்ட், புருஷன் பொண்டாட்டி நடுவழியில சண்டை போட்டா யாருடா இறங்கணும்?" என்று கேட்டான். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குத் தெரியும் அந்தப் பின் சீட் யாருக்கு என்று.

செப்டம்பர் முதல் ஞாயிறு நம் ஊர்ச் சைக்கிள் சவாரி. மேட்டுச் சமவெளியில் கிளம்பி, பாழ்நிலத்துக்குள் இறங்கி, ஆற்றோரமாகப் போய்த் திரும்புகிற அதே பழைய வழிதான். முன் சீட்டில் நான், பின் சீட்டில் நீ. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டாக்னி முகத்தைச் சுளிக்கிறாள், இங்கிருந்தே தெரிகிறது. போன வாரம் போனில் இதை ஆரம்பித்ததுமே, "அங்கிள், அப்பா தெருமுனை வரைக்கும் தனியாப் போயி நடைபாதையில விழுந்து மணிக்கட்டை உடைச்சிக்கிட்டவர். அவரை நீங்க மலை இறக்கத்துல சைக்கிள்ல கூட்டிட்டுப் போகப்போறீங்களா? எனக்கு உயிரே போயிடும்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் வாயால் பதில் சொல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பின் சீட்டில் ஒரு ஓட்ஸ் மூட்டையைக் கட்டினேன். நேர் ரோட்டில் மூட்டை பரம சாது. தபால் ஆபீஸ் முனையில் திரும்பினேன் பார், நான் இந்தப் பக்கம் சாய்கிறேன், அது அந்தப் பக்கம் போகிறது. இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம். மூட்டை வாய் கிழிந்து ரோடெல்லாம் ஓட்ஸ். காபிக் கடை வாசலில் இருந்து மெர்வின், "விதைக்கிற மாசம் தாண்டிப்போச்சுடா!" என்று கத்துகிறான். டாக்னி, இந்த இடத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தாய் இல்லையா? படி. விழுந்ததை மறைத்து உன்னிடம் சம்மதம் வாங்க எனக்கு மனமில்லை. அன்றைக்குப் புரிந்தது இதுதான்: பின்னால் உட்காருகிறவனுக்குக் கண் வேண்டாம், உயிர் வேண்டும். கூடச் சாய வேண்டும்.

ஊர்ச் செய்தியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேடியா திட்டுவாள். கனோலா பூத்து முடிந்துவிட்டது. ஆலங்கட்டி மழை மெர்வினின் பார்லியைப் பாதி அடித்துவிட்டது, ஆனாலும் அவன் வாய் குறையவில்லை. நேடியா சாஸ்கட்டூன் பழத்தை மாவில் பொதிந்து 'பை' சுட்டு உறைபெட்டியை நிரப்பியிருக்கிறாள், நீ வந்தால்தான் திறப்பாளாம். நானே கேட்டும் தரவில்லை. மேட்டு ரோட்டுக்குப் புதுத் தார் போட்டுவிட்டார்கள்! கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நாம் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு போவோமே, அந்தக் குண்டுங்குழியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். போன ஞாயிறு, பிரார்த்தனை முடிந்த கையோடு நேடியாவைப் பின் சீட்டில் ஏற்றினேன். ஏற்றி, அவள் தலைத்துணியை எடுத்து அவள் கண்ணையே கட்டினேன். "நாப்பது வருஷமா கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் உன் பின்னாடி வர்றேன், இதுக்குத் துணி வேறயா?" என்றாள். ஆனால் கட்டவிட்டாள். உனக்காக என்றால் அவள் எதுவும் செய்வாள்.

முதல் கொஞ்ச தூரம் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். இடது பக்கம் வளைவு, லேசாகச் சாய். முன்னால் ஏற்றம், மிதி. மாடு தாண்டாமல் ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்களே, அங்கே, "கம்பி வருது, மிதிக்காத, எந்திரிச்சு நில்லு!" என்று கத்துவேன். தடதடவென்று தாண்டிவிடுவோம். தானிய உயரக்கிடங்கைத் தாண்டியபிறகு அவள் என் சட்டையை விட்டுவிட்டாள். "உன் வாயால நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு நினைச்சேன். கண்ணு தெரியாதவருக்கு முன்னாடி உட்காரத்தான் கர்த்தர் இந்த வாயைக் கொடுத்திருக்காரு" என்றாள். திட்டினாளா, பாராட்டினாளா என்று இன்னும் தெரியவில்லை.

குன்னார், அந்த விளிம்பு உனக்கு நினைவிருக்கிறதல்லவா? கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிற பூமி, ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் காலுக்கு முன்னால் பிளந்து கீழே போகுமே, அந்த இடம். அதை மட்டும் அவளிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு போனேன். இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கும்போதே பின்னாலிருந்து, "ஓரெஸ்ட், பூமி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டாள்!

பிரேக்கைப் பிடித்தேன். எப்படி அம்மா கண்டுபிடித்தாய் என்றேன். "இவ்வளவு நேரம் ரெண்டு பக்கமும் புல்லு சத்தம் போட்டுச்சு. இப்ப முன்னாடி ஒண்ணுமே சத்தம் போடல. முன்னாடி எதுவும் இல்லைன்னு முகத்துக்குத் தெரியுது" என்றாள்.

பிறகு இறங்கினோம். மெதுவாகத்தான், டாக்னி, இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி. ஒரு வளைவில் வெயில் குடித்த களிமண் சுவரின் சூடு கன்னத்தில் அடிக்கிறது, அடுத்த வளைவில் நிழலின் குளிர். "சேஜ் செடி வாசனை வருது." "இப்ப ஈரம் வருது." "ஐயோ, மழை பெய்யுதா?" மழை இல்லை, ஆற்றோரத்துப் பாப்லர் மரத்து இலைகளின் சத்தம்! நான் எத்தனை தடவை அந்த வழியாக இறங்கியிருப்பேன். வரி வரியாக நிற்கிற மலைகளையும் தலையில் கல்லைச் சுமந்துகொண்டு நிற்கிற மண்தூண்களையும் வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி. அந்த இறக்கத்துக்கு இத்தனை வாசனை இருக்கிறதென்று அவள் சொல்லித்தான் தெரியும். ஆற்றங்கரையில் நிறுத்தித் துணியை அவிழ்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "இன்னும் கொஞ்ச தூரம் இப்படியே போகலாம்" என்றாள். துணி ஓரம் நனைந்திருந்தது. குன்னாருக்கு இது போதும், ஓரெஸ்ட், இது தாராளமாகப் போதும் என்று அவளே சொன்னாள்.

இத்தோடு நிறுத்தினால் என் மானம் காப்பாற்றப்படும். ஆனால் திரும்பி வந்த கதையைச் சொல்லாவிட்டால் நேடியா தனியாக எழுதிவிடுவாள்.

போகும்போது நான் பறந்தேன். இந்த வயதில் என்ன கால், என்ன மூச்சு என்று எனக்கே என்மேல் கண்பட்டுவிடும் போல் இருந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். அது காற்றென்று தெரிந்தால்தானே! ஆயுள் முழுக்கப் பயிருக்கு மருந்தடிக்கக் காற்றைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த சம்சாரி நான். மேற்குக் காற்று முதுகைத் தள்ளுகிறதென்று உறைக்கவில்லை. திரும்ப மேட்டில் ஏறி மேற்கே திரும்பினோமோ இல்லையோ, காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. மிதிக்கிறோம், மிதிக்கிறோம், பக்கத்து வேலிக்கால் நகரமாட்டேன் என்கிறது. நேடியா இறங்கிவிட்டாள். பண்ணைக்காரர் ஒருவரின் முட்டைக்கோஸ் லாரியைக் கை காட்டி நிறுத்தினாள். லாரியில் அவளுக்கு இடம் இருந்தது, சைக்கிளுக்கு இல்லை. மெர்வின் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பொண்டாட்டிதான் இறங்குவாள்.

நான் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். காலியாகக் கிடக்கிற பின் பெடல்கள் தானே சுற்றும், பார்த்திருக்கிறாயா? நான் மிதித்தால் அதுவும் சுற்றுகிறது, ஆள் இல்லாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்றில் கண்ணில் நீர் வரும், அதுவல்ல. அழுதேன்.

நீ இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? கிளம்புவதற்கு முன் தொப்பியைக் கழற்றி, தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாய். இரண்டு காதிலும் ஒரே இரைச்சல் கேட்கும் இடத்தில் நிறுத்தி, "காத்து இங்கதான் இருக்கு. முதல்ல இவனை எதிர்த்துப் போவோம், வரும்போது இவனே நம்மளைத் தள்ளிட்டு வரட்டும்" என்பாய். கண்ணை மூடிக்கொண்டுதானே அதைச் செய்வாய்! கண் போனதால் உனக்கு அந்த வித்தை போய்விட்டதா என்ன? முன்னால் இருக்கிறவன் ரோட்டைப் பார்க்கட்டும், பின்னால் இருக்கிறவன் காற்றைப் பார்க்கட்டும். உன்னை ஏதோ பாவம் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தால் உதைப்பேன். நீ இல்லாமல் என்னால் ஒழுங்காக வீடு வந்து சேர முடியவில்லை, அதனால் கூப்பிடுகிறேன்.

டாக்னி, இங்கே நிறுத்து. இனிமேல் வருவதைச் சத்தம் போட்டுப் படிக்காதே. மனதுக்குள் படி. அவன் கேட்டால், அங்கிள் கையெழுத்து புரியவில்லை என்று சொல், நம்புவான்.

மே மாதம் நீ வேலைக்குப் போயிருந்தபோது உன் அப்பா என்னைப் போனில் கூப்பிட்டான். "இனிமே ரோட்டைப் பத்தி எங்கிட்டப் பேசாதடா. யாரு எங்க ஓட்டினாங்க, எந்த ரோடு நல்லாருக்கு, ஒண்ணும் வேணாம். கேட்டா ராத்திரி தூக்கம் போயிடுது" என்றான். நானும் சரியென்று, மே, ஜூன், ஜூலை முழுக்க வானிலையும் மாடுகன்றும் பேசினேன். இன்றைக்கு அவன் பேச்சை மீறிவிட்டேன். செய்தது சரியா என்று எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நீ அவனைக் கட்டிப்போட்டிருக்கிறாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, மகளே. உனக்கு இருப்பது ஒரே அப்பா. எனக்கும் இருப்பது ஒரே குன்னார். அவன் விழமாட்டான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நடைபாதையில் விழுந்தபோது அவன் தனியாக இருந்தான், இங்கே தனியாக இருக்கமாட்டான். அதைச் சத்தியமாகச் சொல்வேன். நீயும் வா. நேடியா கால்கேரி விமான நிலையத்துக்கே வந்து கூட்டிவருவாள். சவாரி முழுக்க அவள் காரில் எங்கள் பின்னாலேயே வா. எந்த இடத்தில் உனக்கு மனசு பதறுகிறதோ அங்கே ஹாரன் அடி, அதே இடத்தில் இறங்கிவிடுகிறோம். அன்றைக்கு நீ வைத்ததுதான் சட்டம்.

ஆனால் முடிவெடுக்க வேண்டியது நீயும் இல்லை, நானும் இல்லை. நீ இத்தனை நேரம் தாளைப் பார்த்தே படித்துக்கொண்டிருந்திருப்பாய். இப்போது சத்தம் காட்டாமல் தலையைத் தூக்கி, நாற்காலிக்குக் கீழே அவன் கால்களைப் பார். பாதம் இரண்டும் தரையில் சும்மா கிடந்தால், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நான் இதைப் பற்றி இனி மூச்சு விடமாட்டேன், வானிலையே பேசிக்கொள்கிறேன். குதிகால்கள் ஒன்று மாற்றி ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், கர்த்தர் உன்னை நூறு வருஷம் நன்றாக வைத்திருப்பார், அவனைக் கூட்டிக்கொண்டு வா.

உங்கள்
ஓரெஸ்ட்