பார்த்தாச்சு

கோயம்புத்தூர்
4.2.2025

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். போனில் பேசினால் நீ அழுகிறாய், சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. அதனால்தான் கடிதம். களை எடுத்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். சிரிக்காதே.

சோலார் தகடு மாட்டும் பயிற்சியில் இப்போது கூரை வேலை. இடுப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டு "மாட்டியாச்சு" என்று கத்த வேண்டும். ஜோடியாக நிற்பவர் கண்ணால் பார்த்து "பார்த்தாச்சு" என்றால்தான் அடுத்த அடி. என் ஜோடி வில்லியனூர் ரஹீமா. அவள் போடும் சத்தத்தில் தெரு நாயெல்லாம் எழுந்துகொள்கிறது. முதல் நாள் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றேன். இப்போது மேலே போனால் இறங்க மனசில்லை.

23ஆம் தேதி கடைசித் தேர்வு. தேறினால் பாகூர்ப் பக்கமே வேலை என்கிறார்கள். ஸ்டெல்லா அத்தையோடு சண்டை போடாதே.

அம்மா
சகாயராணி

கரையாம்புத்தூர்
10.2.2025

அன்புள்ள அம்மா,

என்னைப் பெண் பார்க்க மடுகரையிலிருந்து வருகிறார்கள். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வருவது 23ஆம் தேதி. வேறு நாள் தோதுப்படாதாம்.

அவருடைய அம்மா, "சம்பந்தி கூரை மேல ஏறி வேலை செஞ்சா ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்று கேட்டாராம். அதெல்லாம் இல்லை, ஆபீஸ் வேலைதான் என்று அத்தை சமாளித்திருக்கிறார். நீ வந்துவிடு அம்மா. அப்பா இல்லாத வீட்டில் நீயும் இல்லாமல் அவர்கள் முன்னால் எப்படி நிற்பேன்?

உன் ஜோஸ்பின்

கோயம்புத்தூர்
14.2.2025

என் கண்ணு ஜோஸ்பின்,

வருகிறேன். சாரிடம் சொல்லிவிட்டேன். தேர்வை விட்டால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. கோபம் இருக்கிறது. உன்மேல் கொஞ்சம், அந்த அம்மாமேல் நிறைய. தேர்வை விடுகிறேன் என்றதும் ரஹீமா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஆனால் உன்னைத் தனியாக நிற்க விடமாட்டேன். என் பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு வை.

அம்மா

கரையாம்புத்தூர்
18.2.2025

அம்மா,

பஸ் ஏறாதே.

நேற்று அந்த அம்மா போன் செய்து, உனக்கு எந்த ஆபீஸ் என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் கடிதம் மடியில் கிடந்தது. "ஆபீஸ் இல்லைங்க, கூரை மேலதான். 23ஆம் தேதி எங்கம்மாவுக்குப் பரீட்சை. நீங்க வேற நாள் வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

இனி வருவார்களோ மாட்டார்களோ. நேற்றெல்லாம் அழுதேன். அவர் வராவிட்டால் இன்னும் அழுவேன். ஆனாலும் நீ இறங்கி வந்து நான் நல்லா இருக்க வேண்டாம்.

புடவையை இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். ரஹீமா அக்காவை நீயே போய்ப் பேசவை. தேர்வன்று நீ "மாட்டியாச்சு" என்று கத்தும்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பார்த்தாச்சு அம்மா. ஏறு.

ஜோஸ்பின்